கலியமூர்த்தியின் பெட்டியும் என் மூக்குக்கண்ணாடியும்

விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு நாற்பது கிலோமீட்டர். பேருந்தில் போனால் ஒன்றேகால் மணி நேரம். இதற்கெல்லாம் ஒரு பயணக் கட்டுரையா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். இருபது வருடமாக நான் போகாமல் தப்பித்து வந்த நாற்பது கிலோமீட்டர் இது. பிள்ளைகள் கடல் பார்க்க வேண்டும் என்று அழுதபோது கடலூருக்குத்தான் அழைத்துப் போனேன். மாமனார் வழிக் கல்யாணம் ஒன்று பாண்டியில் நடந்தபோது முதல் நாளே எனக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. காரணம் ஒன்றுதான். புதுச்சேரியில் கலியமூர்த்தி இருக்கிறான்.

கலியமூர்த்தியும் நானும் பாலிடெக்னிக்கில் ஒரே வகுப்பு, ஒரே விடுதி அறை. இரண்டு பேருக்கும் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ. படிப்பு முடிந்ததும் நான் தேர்வு எழுதி அரசாங்க வேலைக்கு வந்தேன். ஊரே கைகொடுத்து வாழ்த்தியது. அவன் புதுச்சேரியிலேயே இருக்கும் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு கொட்டகையை வாடகைக்குப் பிடித்தான். ஊரே அவனுக்காகப் பரிதாபப்பட்டது, நானும் சேர்ந்துதான். அந்தப் பரிதாபம் எந்த வருடத்தில் பொறாமையாக மாறியது என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை. அவன் செய்த வருகைப் பதிவுப் பெட்டி ஒன்று பள்ளிக்கூடச் சுவரில் மாட்டியிருப்பதைப் பார்த்த அன்று எனக்கு இரவுச் சாப்பாடு இறங்கவில்லை என்பது மட்டும் நினைவிருக்கிறது.

2007 ஆகஸ்டு, ஒரு செவ்வாய்க்கிழமை. காலை 9.30.

அலுவலகத்துக்குள் நுழைந்து கடிதத்தை வாங்கிக்கொண்டேன். எங்கள் அலுவலகத்துக்குக் கைரேகை வருகைப் பதிவுக் கருவி வாங்கலாமா என்று பார்த்துவர என்னை அனுப்புகிறார்கள். கருவி கலியமூர்த்தியுடையது. மேலாளருக்கு எங்கள் பழைய கதை தெரியாது.

"நீங்கதான டிப்ளமோ படிச்சவரு. போய் நல்லாப் பாத்துட்டு ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க. நாளைக்குக் காலைல என் மேசைல இருக்கணும். நீங்க எழுதறதுதான் முடிவு" என்றார்.

வெளியே வந்தால் என் பிரிவே என்னைச் சூழ்ந்துகொண்டது. கண்ணனும் தலைமை எழுத்தரும் முன்னால் நின்றார்கள். "படிச்சவனப் போய்க் கைநாட்டு வெக்கச் சொல்றாங்களே, இது அடுக்குமா?" என்று தலைமை எழுத்தர் கேட்டார். "திருடனுக்குத்தான்யா ரேகை எடுப்பாங்க" என்றார் கண்ணன். "பாலு சார், எப்பிடியாவது நல்லதா ஒரு கொறை கண்டுபுடிச்சுட்டு வாங்க."

எனக்கு யாரும் சொல்லியா தெரிய வேண்டும்? குறை கண்டுபிடிக்கத்தான் நான் கிளம்பியதே.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். எங்கள் அலுவலகம் மாலை ஐந்தே முக்காலுக்கு முடிகிறது. நான் நான்கு மணிக்குக் கிளம்பிவிடுவேன். பழைய பேருந்து நிலையத்துக்குப் பின்னால் பாய் ஒருவர் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். நான்கிலிருந்து ஏழு வரை அங்கே உட்கார்ந்து, வருகிற ரேடியோவையும் டேப் ரிக்கார்டரையும் டிவி ரிமோட்டையும் பிரித்துச் சரி செய்வேன். ஒரு பைசா வாங்குவதில்லை. நான் படித்த படிப்பு என் கைக்கு ஞாபகம் வருவது அந்த மூன்று மணி நேரத்தில்தான். என்னுடைய சுதந்திரம் என்று நான் சொல்லிக்கொள்வது அவ்வளவுதான். அதைத்தான் கலியமூர்த்தியின் பெட்டி பிடுங்கப் பார்த்தது.

நான் கிளம்பியது தெரியாமல் இருக்க ஒரு வழி வைத்திருக்கிறேன். எங்கள் அலுவலகத்தில் ஆளுக்கு ஒரு வழி உண்டு. ஒருவர் குடையை நாற்காலியில் மாட்டுவார், இன்னொரு அம்மா கைப்பையை மேசைமேல் வைப்பார். நான் ஒரு கோப்பைத் திறந்து, அதன்மேல் மூக்குக்கண்ணாடியை வைத்துவிட்டு, மின்விசிறியை ஓடவிட்டுப் போவேன். டீ குடிக்கப் போயிருக்கிறார், இதோ வந்துவிடுவார் என்று பார்ப்பவர்கள் நினைத்துக்கொள்வார்கள். அதற்கென்றே பவர் மாறிப்போன பழைய கண்ணாடி ஒன்றை வைத்திருக்கிறேன். படிக்கிற கண்ணாடி, பழையது இரண்டும் சட்டைப் பையில்தான் இருக்கும்; கிளம்பும்போது பழையதை எடுத்து வைப்பேன்.

காலை 9.55. பாண்டி வண்டி.

கண்டக்டர் "பாண்டி பாண்டி பாண்டி" என்று கத்தினார். ஊரின் பெயரை அரசாங்கம் புதுச்சேரி என்று மாற்றி ஒரு வருடம் ஆகிறது. கண்டக்டருக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. பதின்மூன்று ரூபாய் டிக்கெட். எத்தனை என்று பார்க்கக் கண்ணாடியை எடுத்து மாட்டினேன். எழுத்தெல்லாம் எறும்பாக ஊர்ந்தது. கழற்றிப் பார்த்தேன். பழைய கண்ணாடி! கடிதம் வாங்கிய கையோடு, பழக்கத்தில் கோப்பைத் திறந்து, விசிறியைப் போட்டு, நல்ல கண்ணாடியை அதன்மேல் வைத்துவிட்டு வந்திருக்கிறேன். முறைப்படி கடிதம் வாங்கிக்கொண்டு வெளியூர் போகிற நாளில் கண்ணாடி வைக்க வேண்டிய அவசியமே இல்லை. கை பழகிவிட்டது. என் கையை நானே திட்டிக்கொண்டேன்.

வளவனூர் தாண்டி மதகடிப்பட்டு வந்ததும் புதுச்சேரி மாநிலம் தொடங்கிவிட்டது. பெட்ரோல் பங்க்கும் சாராயக் கடையும் பார்த்தாலே தெரியும். கொஞ்சம் போனால் கண்டமங்கலம், மறுபடி தமிழ்நாடு. இன்னும் கொஞ்சம் போனால் அரியூர், மறுபடி புதுச்சேரி. அரை மணி நேரத்தில் அரசாங்கம் மூன்று தடவை மாறியது. என் பக்கத்தில் ஒரு விவசாயி, மடியில் உரச்சாக்குப் பையோடு உட்கார்ந்திருந்தார். எந்த ஊர் என்று கேட்டேன்.

"ஊடு தமிழ்நாடு சார். கொல்லி நெலம் பாண்டி. நடுவுல ஒரு வாய்க்காதான்."

"அப்ப உங்களுக்கு எது கவர்மெண்டு?"

"ரெண்டு பக்கமும் மனு குடுப்போம். எவன் மொதல்ல குடுக்கறானோ அவன் நம்ப கவர்மெண்டு" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த மனிதருக்கு அரசாங்கத்திலேயே இரண்டு இருக்கிறது, பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம். எனக்கு ஒன்றுதான். அதுவும் என்னைக் காலை ஒன்பதே முக்காலுக்கு வா, மாலை ஐந்தே முக்காலுக்குப் போ என்கிறது. வில்லியனூர் வரும்வரை அவர்மேல் பொறாமையாகவே இருந்தது.

காலை 11.15. இந்திரா காந்தி சதுக்கம்.

இறங்கி ஒரு டீ குடித்தேன். மூன்று ரூபாய். எங்கள் ஊரிலும் மூன்று ரூபாய்தான், ஆனால் இங்கே கண்ணாடி டம்ளர் முழுக்க டீ. அதையும் கணக்கில் வைத்துக்கொண்டேன். வழுதாவூர் சாலையில் போகும் டெம்போவில் ஐந்து ரூபாய். எதிரில் ஏழு பேர் உட்கார வேண்டிய இடத்தில் ஒன்பது பேர். சாலை நெடுக ஸ்கூட்டரில் பெண்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். வேலைக்குப் போகிறவர்கள், கல்லூரிக்குப் போகிறவர்கள், பின்னால் மாமியாரை உட்கார வைத்துக்கொண்டு போகிறவர்கள். என் மகள் பத்தாவது படிக்கிறாள். சைக்கிள் கேட்டதற்கே நான் ஒரு வருடம் யோசித்தவன். இந்த ஊர் அப்பன்கள் யோசிக்காமலே இருந்துவிட்டார்களா என்ன?

காலை 11.40. மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டை.

தகரக் கூரை போட்ட கொட்டகை. வாசலில் ஒரு வேப்பமரம், அதன் கீழே நான்கு ஸ்கூட்டர், மூன்று சைக்கிள். இவ்வளவுதானா என்று எனக்கு ஒரு நிமிடம் குளுகுளுவென்று இருந்தது. பிறகு கலியமூர்த்தி வெளியே வந்தான். அரைக்கால் சட்டையும் பனியனும் போட்டிருந்தான். நாற்பத்திரண்டு வயதில், தன் வேலை இடத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், அரைக்கால் சட்டை. நான் சட்டையைப் பேண்ட்டுக்குள் செருகி, பெல்ட் போட்டு, வியர்த்துக்கொண்டு நின்றேன்.

"என்னாடா பாலு, ஒருவழியா வழி தெரிஞ்சுதா?" என்று கட்டிப் பிடித்தான். அவன் மேல் ஈயத்தை உருக்கி ஒட்டுகிற ஈயப்பற்று வாசனை இருக்கும் என்று எதிர்பார்த்தேன். இல்லை. அதைக் கவனித்தேனே தவிர, ஏன் என்று அப்போது யோசிக்கவில்லை.

உள்ளே நீளமான மேசைகள். எட்டுப் பேர் வேலை செய்கிறார்கள், அதில் ஐந்து பேர் பெண்கள். பலகைகளில் சின்னச் சின்ன உறுப்புகளைப் பொருத்திக்கொண்டிருந்தார்கள். ரேடியோ பாடியது. யாரும் எங்களைப் பார்த்து எழுந்திருக்கவில்லை. கதவுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு ஆணியில் தொங்கியது, நூலில் கட்டிய பென்சிலோடு. புரட்டினேன். எழுத்து தெரியாவிட்டாலும் கையெழுத்துகள் என்று தெரிந்தது. வேலை செய்கிறவர்கள் காலையில் வந்ததும் போடும் கையெழுத்து!

பிடித்துவிட்டேன். கொலைக்குற்றத்தைக் கண்டுபிடித்த போலீஸ்காரன்போல எனக்கு உடம்பே நிமிர்ந்தது.

"ஊருக்கெல்லாம் ரேகைப் பொட்டி விக்கிற. ஒன் ஆளுங்களுக்கு நோட்டா? ஏன், ஒன் பொட்டிமேல ஒனக்கே நம்பிக்கை இல்லியா?"

"வெச்சிருக்கனே. அதோ பாரு" என்று சுவரைக் காட்டினான். கறுப்பாக ஒரு பெட்டி, உள்ளங்கை அகலம். "அது எனக்கு."

"ஒனக்கா?"

"நான் ஒம்போதரைக்கு வந்து வெரல் வெக்கணும். வெக்கலன்னா சத்தம் போடும். இவங்க ஏற்பாடு" என்று மேசைப் பக்கம் கையை நீட்டினான்.

மேசையின் ஓரத்தில் இருந்த பெண்மணி நிமிராமலே சிரித்தார். செங்கேணி என்று பெயர். வைத்திக்குப்பத்துக்காரர். விடியற்காலையில் மீன் அங்காடியில் மீன் ஆய்ந்து கொடுத்துவிட்டு, ஒன்பதரைக்கு இங்கே வருகிறார். கதையை அவரே சொன்னார்.

"மொதல்ல எங்களுக்குத்தான் சார் மாட்டுனாரு. எல்லார் வெரலும் எடுத்துச்சு, என் வெரல எடுக்கல. செதிலு தேச்சுத் தேச்சு ரேகையே போயிடுச்சு. நான் பாட்டுக்கு டெய்லி வரேன், வேல செய்யறேன், மாசக் கடைசில பாத்தா பொட்டி சொல்லுது நான் ஒரு நாளுகூட வரலன்னு. 'ண்ணே, என் வெரல மாத்த முடியாது, ஒன் பொட்டிய மாத்து'ன்னுட்டேன்."

"மாத்துனியா?" என்று கலியமூர்த்தியைக் கேட்டேன்.

"நம்பர் அழுத்தற மாதிரி சேத்தேன். அதுக்கும் ஒத்துக்கல."

"பின்ன என்னா சார்?" என்றார் செங்கேணி. "நான் ஒருநாளு வரலன்னா என் வேல என் மேசைலதான் நிக்கும். அண்ணன் வரலன்னா சாவி வராது, எட்டுப் பேரும் வேப்பமரத்தடில நிக்கணும். இதுல யாருக்குப் பொட்டி வெக்கணும், நீங்களே சொல்லுங்க."

அறிக்கையில் எழுத வைத்திருந்த முதல் குறை, விரல் தேய்ந்தவர்களுக்கு இந்தக் கருவி உதவாது என்பது. அதை அவர்களே கண்டுபிடித்து, அவர்களே சரி செய்து, அதற்கு மேலும் போய்விட்டார்கள். ஒரு குறையைக்கூட எனக்கு விட்டு வைக்கவில்லை.

என் விரலையும் பதிந்து பார்க்கச் சொன்னான். வைத்தேன். பெட்டியின் சின்னத் திரையில் ஏதோ எழுத்து வந்தது. பழைய கண்ணாடியில் ஒன்றும் தெரியவில்லை. கண்ணைச் சுருக்கினேன்.

"மறுபடி வெக்கச் சொல்லுது சார்" என்று செங்கேணி படித்துச் சொன்னார்.

"கண்ணாடி பவர் மாறிடுச்சாடா?" என்றான் கலியமூர்த்தி. மாறவில்லை, தூசி என்றேன்.

மதியம் 1.10.

சாப்பாடு கொட்டகையிலேயே, எல்லாரும் ஒரே மேசையில். செங்கேணி கொண்டுவந்த சங்கரா மீன் குழம்பு எங்கள் தட்டுக்கும் வந்தது. சாப்பிட்டுக்கொண்டே என் இரண்டாவது குறையை எடுத்து விட்டேன். ரேகை எடுப்பது ஆளை அவமானப்படுத்துவது, நாளைக்கு அந்த ரேகையை எடுத்து யார் என்ன செய்வார்கள் என்று யாருக்குத் தெரியும் என்று கேட்டேன்.

"கேக்க வேண்டிய கேள்விதான். நான் ரேகையப் படமா வெக்கறதில்ல. ஒரு நம்பரா மாத்தி இந்தப் பொட்டிக்குள்ளயே வெப்பேன். கழட்டுனா அழிஞ்சிடும். இதுக்கே நெறைய பேரு வேண்டான்னு போயிட்டாங்க, எல்லாத்தையும் ஒரு எடத்துல சேத்துக் குடுன்றாங்க" என்றான். பிறகு இன்னொன்று சொன்னான். ஒரு கம்பெனிக்காரர் நூற்றைம்பது பெட்டி கேட்டு வந்தாராம். கழிப்பறை வாசலில் மாட்ட. யார் எத்தனை நிமிடம் உள்ளே இருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரிய வேண்டுமாம்.

"என்ன சொன்ன?"

"முடியாதுன்னேன்."

"அவ்ளோ பெரிய ஆர்டர!"

"அதுக்குன்னு? நான் செய்யற பொட்டி எங்க தொங்கக் கூடாதுன்னு சொல்றதுக்குக்கூட எனக்கு உரிமை இல்லன்னா அப்பறம் என்னாத்துக்குடா சொந்தத் தொழிலு?"

மீன் முள்ளை எடுக்கிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டேன். சுவரில் பெட்டியைப் பார்த்தோ, அரைக்கால் சட்டையைப் பார்த்தோ வந்த பொறாமை எல்லாம் ஒன்றுமே இல்லை. முடியாது என்று சொல்கிறான். இருபது வருட அரசாங்க வேலையில் நான் அந்த வார்த்தையைச் சொன்னதே இல்லை, எனக்கு மேலே இருப்பவர்களிடம். எனக்குக் கீழே மனுவோடு நிற்பவர்களிடம் தினமும் சொல்லியிருக்கிறேன். வயிறு எரிகிறது என்று சொல்வார்களே, அது வெறும் பேச்சு இல்லை. உண்மையாகவே எரிந்தது. குழம்பில் காரம் அதிகம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

மதியம் 2.30.

"புதுசு ஒண்ணு காட்டறேன், வா" என்று பின் அறைக்கு அழைத்துப் போனான். அதே கறுப்புப் பெட்டி. ஆனால் அதிலிருந்து ஒரு கம்பி சுவரைத் தாண்டி வெளிப்பக்கம் போனது. வெளியே, வாசலுக்கு மேலே, ஒரு பச்சை விளக்கு. அவன் விரலை வைத்தான், விளக்கு எரிந்தது. மறுபடி வைத்தான், அணைந்தது.

"செங்கேணி புருசன் போனப்பறம் ரேஷன் கார்டுல பேரு எடுக்க ஒரு ஆபீசுக்கு அலைஞ்சுது. என்னா நடந்துச்சுன்னு நீயே கேளு" என்று செங்கேணியைக் கூப்பிட்டான்.

"என்னா நடந்துச்சு, ஒண்ணும் நடக்கல" என்றார் அவர். "போனா, ஃபேன் சுத்துது, நாற்காலில கைப்பை தொங்குது. சரி, அந்தம்மா இங்கதான் இருக்காங்கன்னு நானும் குந்தியிருந்தேன். சாயங்காலம் வரைக்கும் கைப்பைதான் சார் இருந்துச்சு. அடுத்த நாளும் அதே மாதிரி. ரெண்டு நாளு பொழப்பு போச்சு. இல்லன்னா இல்லன்னு சொல்லிட்டுப் போனா நான் ஏன் குந்தறேன்? நாலு வீடு மீனு ஆஞ்சிருப்பேன்."

என் பழைய கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தேன். துடைத்துக்கொண்டே இருந்தேன்.

"அதான் இந்த வெளக்கு" என்றான் கலியமூர்த்தி. "ஆளு சீட்டுல இருந்தா எரியும். வெளிய நிக்கறவங்களுக்குத் தெரியும். ஒங்க ஆபீசுக்கு இதத்தான் குடுக்கலாம்னு இருக்கேன். செங்கேணி சொன்னது பாதி, நீ சொன்னது பாதி."

"நானா? நான் எப்ப சொன்னேன்?"

"டேய், ஹாஸ்டல்ல பல்பு வெச்சியே!"

மறந்தே போயிருந்தேன். எங்கள் விடுதி மூன்று மாடி. குளிக்கும் இடம் கீழே. கோடைக்காலத்தில் தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று தெரியாமல் சோப்புப் பெட்டியும் துண்டுமாகப் பையன்கள் இறங்கி வந்து ஏமாந்து ஏறிப் போவார்கள். நான் தொட்டிக்குள் ஒரு மிதவையைப் போட்டு, அதோடு ஒரு சுவிட்ச் வைத்து, எல்லா மாடியிலிருந்தும் தெரிகிற மாதிரி ஒரு பல்பு கட்டினேன். தண்ணீர் இருந்தால் எரியும். ஒயர் இழுத்தது கலியமூர்த்தி.

"நீ அன்னிக்குச் சொன்னது எனக்கு அப்பிடியே ஞாபகம் இருக்குதுடா. உள்ள இருக்கறவனுக்குத் தெரிஞ்சு என்னா ஆவப்போவுது, வெளிய நிக்கறவனுக்குத்தான் தெரியணும்னு சொன்ன. இத்தனை வருசமா எந்தப் பொட்டி செஞ்சாலும் மொதல்ல அதத்தான் யோசிப்பேன்."

எனக்கு அந்த வார்த்தை நினைவில்லை. பல்பு நினைவிருக்கிறது, மிதவைக்கு நான் பயன்படுத்திய டப்பாகூட நினைவிருக்கிறது. சொன்னது மட்டும் நினைவில்லை. என் யோசனையை இவன் எடுத்துக்கொண்டான் என்று கோபம் வர வேண்டும். வந்தது. ஆனால் அது போய் நிற்க இடம் கிடைக்கவில்லை. ஒளிக்காமல் இவனே சொல்கிறானே!

மாலை 3.45. கடற்கரைச் சாலை.

தன் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார வைத்து அழைத்துப் போனான். வெயில் தணிந்திருந்தது. கல் அணையில் அலை மோதிக்கொண்டிருந்தது. சுண்டல் ஐந்து ரூபாய். வேலை நாளில், வேலை நேரத்தில், இரண்டு பேரும் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நான்கு மணி ஆனதும் என் கை தானாகக் கடிகாரத்துக்குப் போனது.

"என்னாடா?"

"இந்நேரத்துக்கு ஊர்ல இருந்தா..." என்று தொடங்கி, பாய் கடையைப் பற்றிச் சொன்னேன். போன வாரம் ஒரு பழைய வால்வு ரேடியோவுக்கு உயிர் கொடுத்ததைச் சொன்னேன். அவன் சுண்டலை மறந்துவிட்டுக் கேட்டான்.

"நீ குடுத்து வெச்சவன்டா" என்றான். "நான் ஈயப்பற்று தொட்டு ஆறு வருசம் ஆவுது. ஆர்டர் புடிக்கறது, வரி கட்டறது, எவன் ஆபீஸ்லயாவது ஒக்காந்து கெடக்கறது. இதான் பொழப்பு. பலகைய எல்லாம் அவங்கதான் பாக்கறாங்க."

என்மேல் அவனுக்குப் பொறாமை! இருபது வருடமாகக் காத்திருந்த வார்த்தை. கடல் காற்று அப்போதுதான் எனக்குச் சுகமாக வீசியது.

"எத்தனை மணிக்குடா கடைக்குப் போவ?"

"ஆபீஸ் முடிஞ்சுதான்."

"ஒங்களுக்கு எப்ப முடியுது?"

"அஞ்சே முக்கால்."

"அப்ப ஆறு மணிக்கு மேலதான் ஒக்காருவ. பொண்டாட்டி புள்ளைங்களயும் பாத்துக்கினு, அதுக்கு மேல இதயும் செய்யறியே. பெரிய விஷயம்டா" என்றான்.

ம் என்றேன். இருபது வருடம் காத்திருந்து கிடைத்தது ஒரு நிமிடத்துக்குள் கையை விட்டுப் போய்விட்டது. அவன் பொறாமைப்பட்ட ஆள் நான் இல்லை.

மாலை 6.20. விழுப்புரம்.

திரும்பும் வண்டியிலும் அதே பதின்மூன்று ரூபாய். மதகடிப்பட்டு தாண்டும்போது அறிக்கையை மனத்துக்குள் எழுதிப் பார்த்தேன். வேண்டாம் என்று எழுத இரண்டு வரி போதும். என் பிரிவே என்னைத் தலையில் வைத்துக் கொண்டாடும். பாய் கடை பிழைக்கும். ஆனால் நான் வேண்டாம் என்று எழுதப்போவது கலியமூர்த்தியின் பெட்டியை இல்லை, விடுதியில் நானே கட்டிய பல்பை. இது தெரிந்ததும் எரிச்சல்தான் வந்தது.

எழுத நல்ல கண்ணாடி வேண்டும். நேராக அலுவலகம் போனேன். காவலாளி ஏழுமலை கதவைத் திறந்துவிட்டார்.

"ஒங்க சீட்டுல ஒரு அம்மா ரொம்ப நேரம் இருந்துச்சு சார். நீங்க வெளியூருன்னு எனக்கே தெரியாது, உள்ள இருந்தவங்களும் யாரும் சொல்லல. கண்ணாடி இருக்குது, வந்துடுவாருன்னு நான்தான் சொன்னேன்."

என் மேசையில் கோப்பு மூடியிருந்தது. கண்ணாடி நான் வைத்த மாதிரி கவிழ்ந்து இல்லை. கண்ணாடியின் வில்லை கீறிவிடாமல் நிமிர்த்தி, விசிறிக் காற்றில் விழுந்துவிடாமல் ஒரு கைக்குட்டையில் சுற்றி, பேப்பர் வெயிட்டுக்கு அணைப்பாக வைத்திருந்தார்கள். கைக்குட்டை துவைத்து மடித்தது, ஓரத்தில் நீல நூல் தையல். அதற்குக் கீழே ஒரு மனு. மனுவின் மேல் பென்சிலில் எழுதியிருந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தேன். அன்று முழுவதும் எனக்குத் தெளிவாகத் தெரிந்த எழுத்து அது ஒன்றுதான்.

"ஐயா, கண்ணாடி இருந்ததால் வந்துவிடுவீர்கள் என்று பதினொரு மணியிலிருந்து ஐந்தேகால் வரை இருந்தேன். கடைசி பஸ் என்பதால் போகிறேன். கண்ணாடி இல்லாமல் உங்களுக்குச் சிரமமாக இருக்கும் என்று பத்திரமாக வைத்திருக்கிறேன். நாளை வருகிறேன்."

இரவு 7.00. பாய் கடை.

பாயின் மேசை விளக்கடியில் உட்கார்ந்து அறிக்கையை எழுதினேன். கருவி பொருத்தமானது. ரேகை பெட்டியை விட்டு வெளியே போகக் கூடாது என்பதை ஒப்பந்தத்தில் சேர்க்க வேண்டும். விரல் தேய்ந்தவர்களுக்கு எண் அழுத்தும் வசதி வேண்டும். கழிப்பறைப் பக்கம், சாப்பாட்டு அறைப் பக்கம் எங்கேயும் மாட்டக் கூடாது. ஐந்தே முக்காலுக்கு விளக்கு அணைந்த பிறகு யார் எங்கே போகிறார்கள் என்று யாரும் கேட்கக் கூடாது. பச்சை விளக்கு மக்கள் நிற்கும் பக்கம் இருக்க வேண்டும். முதல் விளக்கை என் இருக்கைக்கு மேலே மாட்டலாம், மேலாளர் அறைக்கு இரண்டாவது.

கண்ணனும் தலைமை எழுத்தரும் நாளைக்கு என்னோடு பேச மாட்டார்கள். பாய்க்கு இனி ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம்தான் கிடைப்பேன். அவரிடம் சொன்னேன். "அதுக்கென்ன தம்பி, ஏழு மணின்றத எட்டாக்கிக்குவோம்" என்று ஷட்டரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

புதுச்சேரியில் கடல் இருக்கிறது, டம்ளர் முழுக்க டீ இருக்கிறது, முடியாது என்று சொல்லும் கலியமூர்த்தி இருக்கிறான். விழுப்புரத்தில் எங்களிடம் என்ன இருக்கிறது என்று யோசித்தேன். முன்பின் தெரியாதவன் கண்ணாடியைத் தன் கைக்குட்டையில் சுற்றி வைத்துவிட்டுப் போகிற ஒரு பெண்மணி இருக்கிறார். அவருக்கு அந்தக் கைக்குட்டையை நாளைக் காலை ஒன்பதே முக்காலுக்கு நான் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

அறிக்கையின் அடியில் கையெழுத்துப் போட்டேன். பொறாமை அப்போதும் விடவில்லை. 'பின்குறிப்பு: பச்சை விளக்கு யோசனை என்னுடையது' என்று எழுதினேன். சின்னத்தனமாக இருக்கிறதே என்று அடித்தேன். கொஞ்ச நேரம் பாயின் ரேடியோவைக் கேட்டுக்கொண்டு இருந்துவிட்டு, அடித்ததற்குக் கீழே மறுபடியும் எழுதினேன், இந்தத் தடவை தெளிவாக, நல்ல கண்ணாடியோடு.